இடுப்பு மூட்டுத் தசைநாண் காயம்: கையால் பரிசோதிக்கும் வரிசை

பயிற்சிக்கு வரும் இயன்மருத்துவர்களில் பாதிப்பேர் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். நோயாளி "பக்கத்தில நோகுது" என்று சொல்லி முடிப்பதற்குள் இவர்களுடைய கட்டைவிரல் தொடை எலும்பின் பக்க முண்டில் போய் நிற்கும். ஓர் அழுத்து. அவர் "ஆ" என்பார். இவர் "பேர்சைட்டிஸ்" (நீர்ப்பை வீக்கம்) என்று எழுதுவார். அந்த இடத்தை நன்றாக அழுத்தினால் வலியே இல்லாதவர்களில் பலரும் முகம் சுளிப்பார்கள். அதுவும் போக, முதலிலேயே அழுத்திக் கிளறிவிட்டால் அதற்குப் பிறகு செய்யும் எந்தச் சோதனையும் நோகத்தான் செய்யும்.

அந்த விரலைக் கடைசிவரை தடுத்து வைப்பதுதான் இந்த வழிகாட்டியின் வேலை. கையால் பரிசோதிக்கப் பழகுகிறவர்களுக்காக எழுதுகிறேன். வலி உள்ளவர் வீட்டில் தானே செய்து பார்ப்பதற்கு இது அல்ல.

தசைநாண் என்று நான் சொல்வது தசையை எலும்போடு கட்டும் நாணை. இடுப்பு மூட்டைச் சுற்றி நம்மிடம் அடிக்கடி வருபவை நான்கு: பக்கத்தில் குளூட்டியஸ் மீடியஸ், மினிமஸ் இரண்டின் நாண், முன்னால் இலியோசோவாஸ், உள்தொடையில் அடக்டர், பிட்டத்தின் அடியில் ஹாம்ஸ்ட்ரிங்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

விறைப்பான கட்டில், ஒரு ஸ்டூல், கோணமானி, முழங்கால் தட்டும் சுத்தியல், நேரம் பார்க்க போன், தோலில் குறிக்க ஒரு பேனா. வேறு ஒன்றும் வேண்டாம்.

கட்டில் விறைப்பாக இருப்பது முக்கியம். கொழும்பில் வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும்போது நோயாளியைப் பஞ்சு மெத்தையில் படுக்கவைத்துக் காட்டுவார்கள். இடுப்பெலும்பு மெத்தைக்குள் புதைந்துவிடும், கால் எங்கே அசைகிறது, இடுப்பெலும்பு எங்கே உருள்கிறது என்று பிரித்தறிய முடியாது. அந்த வீடுகளில் மெத்தையை எடுத்துவிட்டுப் பலகையில் ஒரு போர்வையை விரித்துப் படுக்கச் சொல்லுகிறேன். முதலில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பிறகு சரி.

உடை: சோட்ஸ், மேலே ஒரு சாரம். சேலையோடும் இறுக்கமான ஜீன்ஸோடும் இடுப்பைப் பார்க்க முடியாது. இதை நேரம் குறித்துக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். வந்தபிறகு சொன்னால் கூச்சம்.

கை வைக்கப்போகும் இடங்கள் தொடையிடுக்கும் பிட்டமும். எங்கே தொடுவேன், ஏன் தொடுவேன் என்று முன்கூட்டியே சொல்லி, சம்மதம் கேட்டு, கூட வந்த அக்காவையோ மகளையோ திரைக்கு உள்ளே நிற்கச் சொல்லுங்கள். ஆண் நோயாளிக்கும் இதையே செய்யுங்கள். வெட்கத்தில் தசையை இறுக்கிக்கொண்டு படுத்திருப்பவரிடம் கிடைக்கும் விடை பிழையான விடை.

2. 'இடுப்பு' எங்கே என்று விரலால் காட்டச் சொல்லுங்கள்

நம் மொழியில் இடுப்பு என்பது பெரிய ஊர். வெள்ளவத்தை அன்ரி "இடுப்பு நோகுது" என்றால் பெரும்பாலும் சேலை கட்டும் இடத்துக்குப் பின்னால், முதுகின் அடியில். பந்து வீசும் பையன் அதையே சொன்னால் தொடையிடுக்காக இருக்கலாம். சிங்களம் பேசுகிறவர்கள் 'கொந்த' என்றால் முதுகு, 'உகுல' என்றால்தான் நாம் தேடும் இடம். சொல்லை நம்பி எழுதாதீர்கள். "ஒரே ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கோ" என்று கேளுங்கள்.

பக்க முண்டின் மேல் விரல் வைத்தால் குளூட்டியல் நாண்கள் சந்தேகத்தில் முதலிடம். உட்காரும் எலும்பில் வைத்தால் ஹாம்ஸ்ட்ரிங். தொடையிடுக்கில் வைத்தால் அடக்டர், இலியோசோவாஸ், மூட்டு மூன்றுமே வரிசையில் நிற்கும். விரலால் காட்டாமல், கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேர்ந்து இடுப்பைக் கவ்விப் பிடிப்பதுபோலக் காட்டினால் அது மூட்டுக்குள் இருந்து வரும் வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். முதுகிலிருந்து முழங்காலையும் தாண்டி ஒரு கோடு இழுத்துக் காட்டினால் முதுகைப் பாருங்கள்.

காட்டிய இடத்தில் பேனாவால் ஒரு சின்னப் புள்ளி வையுங்கள். அரைமணி நேரம் கழித்து, எல்லாச் சோதனையும் முடிந்தபின், வலி இன்னும் அந்தப் புள்ளியில்தான் இருக்கிறதா என்று பார்க்க அது உதவும்.

3. கதை கேட்பது

"எப்ப தொடங்கினது?" என்று கேட்டால் "கொஞ்ச நாளா" என்றுதான் பதில் வரும். அதற்கு முந்திய மாதம் வழக்கத்தை மீறி என்ன செய்தார் என்று கேளுங்கள். தசைநாணுக்குத் திடீர்ச் சுமைதான் ஆகாது. ஆடிவேலோடு வெறுங்காலில் நெடுந்தூரம் நடந்தது, லிஃப்ட் பழுதாகி ஒரு வாரம் ஐந்து மாடி ஏறியது, காலிமுகத்திடலில் திடீரென்று தினமும் ஓடத் தொடங்கியது. இப்படி ஒன்று வந்தே தீரும்.

பிறகு அன்றாட அசைவுகள். நம் ஊர்ப் பழக்கங்களே பாதிச் சோதனையைச் செய்து முடித்திருக்கும்.

நோகும் பக்கமாகச் சரிந்து படுக்க முடியாமை, காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்தால் நோவு, பஸ்ஸில் ஒரு காலில் பாரத்தைப் போட்டுச் சாய்ந்து நின்றால் நோவு: இவை குளூட்டியல் நாண். இந்த நிலைகளில் தொடையின் வெளிப்பட்டை பக்க முண்டின் மேல் இறுகி, நடுவில் இருக்கும் நாணை நசுக்குகிறது.

சம்மணம் கட்டும்போது எங்கே நோகிறது என்று கட்டாயம் கேளுங்கள். தொடையிடுக்கில் என்றால் மூட்டு, பக்கத்தில் என்றால் நாண் என்பது முதல் ஊகம். ஆங்கிலப் பாடநூல்கள் சப்பாத்து, மேஸ் போடக் கஷ்டமா என்று கேட்கச் சொல்லும். மூட்டுத் தேய்வில் அது கஷ்டம், பக்கவாட்டு நாண் வலியில் பெரும்பாலும் கஷ்டமில்லை, அதனால் நல்ல கேள்விதான். ஆனால் வருஷம் முழுக்கச் செருப்புப் போடுகிற அம்மாவிடம் அதைக் கேட்டு என்ன பயன்? "கால் நகம் வெட்ட ஏலுதா?" என்று கேளுங்கள். அதே அசைவு, அதே விடை.

கடின நாற்காலியிலோ வாகனத்திலோ நெடுநேரம் உட்கார்ந்தால் பிட்டத்தின் அடியில் நோவு என்றால் ஹாம்ஸ்ட்ரிங் நாண். ஆட்டோவுக்குள் காலைத் தூக்கி வைக்கும்போது தொடையிடுக்கில் சுருக்கென்றால் இலியோசோவாஸ்.

மருந்துகளையும் கேளுங்கள். சிப்ரோஃப்லொக்சசின் வகை அன்டிபயோடிக் தசைநாணைப் பாதிக்கக்கூடியது, 60 வயதைத் தாண்டியவர்களிலும் ஸ்டீரொயிட் சேர்ந்து எடுப்பவர்களிலும் இன்னும் கூடுதலாக. நீரிழிவையும் குறித்துக்கொள்ளுங்கள், நாண் ஆறுவது மெதுவாகும்.

4. கை வைக்கக் கூடாதவர்கள்

இந்தப் படியைத் தாண்டாமல் கட்டிலுக்குப் போகாதீர்கள்.

விழுந்தபின் வலி என்று வரும் முதியவர். நடந்து வந்துவிட்டார் என்பதற்காக முறிவு இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். தொடை எலும்பின் கழுத்து முறிந்து ஒன்றோடொன்று செருகிக்கொண்டால் சிலர் நடப்பார்கள். முதலில் எக்ஸ்ரே.

நெடுந்தூரம் ஓடுபவர், தொடையிடுக்கில் ஆழமான வலி, ஓட ஓடக் கூடுகிறது: எலும்பில் அழுத்த முறிவு இருக்கலாம். ஒரு காலில் குதிக்கச் சொல்லிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். அந்தக் குதியிலேயே முறிவு முழுமையாகிவிடக்கூடும். ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் இது தெரியாமலும் போகும், எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

காய்ச்சலோடு மூட்டை அசைக்கவே விடாதவர், காரணமில்லாமல் எடை குறைந்தவர், புற்றுநோய் வரலாறு உள்ளவர், பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட்டை நீண்டகாலம் எடுத்தபின் தொடையிடுக்கு வலி வந்தவர் (மூட்டுத் தலைக்கு இரத்தம் நின்று எலும்பு செத்துக்கொண்டிருக்கலாம்): இவர்கள் எல்லோரும் நேரே வைத்தியரிடம்.

இன்னொன்று, என் சொந்தத் தவறு. பல வருஷத்துக்கு முன் பகுதிநேரமாக வேலைசெய்த ஓரிடத்தில் 15 வயதுப் பையன் ஒருவன் வந்தான். ஓட்டத்தில் திடீரென்று பின்பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு நொண்டல். தசைப்பிடிப்பு என்று சொல்லி இழுத்து நீட்டும் பயிற்சி கொடுத்தேன். இரண்டு வாரத்தில் மோசமாகித் திரும்பி வந்தான். எக்ஸ்ரேயில் உட்காரும் எலும்பிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்திருந்தது. வளரும் வயதில் நாண் எலும்பைவிட உறுதியானது. பெரியவருக்கு நாண் கிழியும் இடத்தில் பையனுக்கு எலும்பின் வளர்முனை பெயர்ந்து வரும். 13 முதல் 17 வயதுவரை, வேக ஓட்டத்திலோ உதையிலோ திடீரென வந்த இடுப்பு வலி என்றால் இழுத்துப் பார்க்கும் சோதனைகள் வேண்டாம், முதலில் எக்ஸ்ரே.

5. நிற்கவைத்து

நடக்கச் சொல்லுங்கள். கதவிலிருந்து கட்டில்வரை நான்கு அடி போதாது. வராந்தாவில் பத்து மீட்டர் போய்த் திரும்பட்டும். நோகும் காலில் நிற்கும் கணத்தில் எதிர்ப்பக்க இடுப்பெலும்பு கீழே விழுகிறதா, அல்லது உடம்பு நோகும் பக்கமாகச் சாய்கிறதா என்று பின்னால் நின்று பாருங்கள்.

அப்புறம் ஒற்றைக்கால் நிலை. பக்கவாட்டு வலிக்கு இதைவிட விலைமதிப்பான சோதனை கிடையாது, இதைவிட அவசரமாகச் செய்யப்படும் சோதனையும் கிடையாது.

சுவருக்குப் பக்கத்தில் நிற்கவையுங்கள். தடுமாறாமல் இருக்க ஒரு விரல் மட்டும் சுவரில். நல்ல காலை முதலில் சோதியுங்கள், அவருக்கும் பழகும், உங்களுக்கும் ஒப்பிட ஆள் கிடைக்கும். மற்றக் காலை முழங்காலில் மடித்துப் பின்னால் தூக்கட்டும், தொடையை முன்னால் உயர்த்த வேண்டாம். போனில் 30 விநாடி. "பக்கத்தில உங்கட அந்த நோ வந்தவுடன சொல்லுங்கோ" என்று முன்பே சொல்லிவையுங்கள்.

30 விநாடிக்குள் அந்தப் பழகிய நோவு பக்க முண்டில் வந்தால் குளூட்டியல் நாண் பிரச்சினை என்பது ஏறக்குறைய உறுதி. வராவிட்டால் இல்லை என்று அர்த்தமல்ல. இந்தச் சோதனை 'ஆம்' என்றால் நம்பலாம், 'இல்லை' என்றால் நம்பக் கூடாது. எத்தனையாவது விநாடியில் வந்தது என்று எழுதுங்கள், அடுத்த மாதம் ஒப்பிட அந்த எண்தான் துணை.

வழக்கமான தவறு மூன்று. ஐந்து விநாடியில் "சரி, நிக்க ஏலும்" என்று நிறுத்திவிடுவது. மேசையை உள்ளங்கையால் ஊன்ற விடுவது, அப்போது பாரம் கைக்குப் போய்விடும். மூன்றாவது, இடுப்பெலும்பு விழுவதையும் வலி வருவதையும் ஒன்றாகக் குழப்புவது. இடுப்பெலும்பு விழுவது ட்ரெண்டெலன்பேர்க் குறி. அது பலவீனத்தைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. முதுகில் ஐந்தாவது இடுப்பு நரம்பு வேர் நசுங்கினாலும் விழும், மூட்டுத் தேய்விலும் விழும், நாண் முழுதாக அறுந்தாலும் விழும்.

6. உட்காரவைத்து

கட்டிலின் விளிம்பில், கால் தொங்க. முதலில் முதுகை விலக்கிக்கொள்ளுங்கள்: கூனி உட்கார்ந்து, நாடியை நெஞ்சோடு வைத்து, முழங்காலை நீட்டட்டும். பிட்டத்திலிருந்து காலுக்கு மின்னல்போல ஓடி, தலையை நிமிர்த்தியதும் குறைந்தால் அது நரம்பு. முழங்கால், குதிக்கால் இரண்டிலும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பெருவிரலை மேலே தூக்கும் பலத்தையும் பாருங்கள்.

அடுத்து, அதே நிலையில் தொடையைக் கட்டிலிலிருந்து மேலே தூக்கச் சொல்லி, முழங்காலுக்குச் சற்று மேலே கைவைத்துத் தடுங்கள். ஏன் உட்காரவைத்து? 90 பாகைக்கு மேல் தொடையைத் தூக்கும்போது தொடையின் முன்தசை சுருங்கித் தளர்ந்துவிடும், வேலை முழுக்க இலியோசோவாஸின் தலையில் விழும். படுக்கவைத்து நேராய் நீட்டிய காலைத் தூக்கச் சொன்னால் இரண்டும் கலந்துவிடும்.

தொடையைத் தூக்கவே முடியவில்லை என்றால் நில்லுங்கள். பையனாக இருந்தால் வளர்முனை பெயர்ந்திருக்கலாம். விழாமல் அடிபடாமல் பெரியவர் ஒருவருக்கு இது வந்தால், நாண் ஒட்டும் சிறிய முண்டில் புற்றுநோய் பரவி எலும்பு பெயர்ந்திருக்கலாம் என்பதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். அதைத் தசைநாண் வலி என்று எழுதி ஆறு வாரப் பயிற்சி கொடுத்து அனுப்பிவிடாதீர்கள்.

7. மல்லாக்கப் படுக்கவைத்து

முதலில் மூட்டு. காலை நேராய் வைத்தே இரண்டு பக்கமும் உருட்டுங்கள், இதில் நாண்களுக்கு வேலையே இல்லை. இதுவே நோகிறதென்றால் மூட்டுக்குள் ஏதோ இருக்கிறது. பிறகு தொடையை 90 பாகைக்கு மடக்கி, உட்சுழற்சி எவ்வளவு போகிறது என்று கோணமானியால் இரு பக்கமும் அளவுங்கள். நோகும் பக்கத்தில் உட்சுழற்சி நன்றாகக் குறைந்து, அதன் முடிவில் தொடையிடுக்கில் நோவு என்றால் தேய்வு அல்லது மூட்டின் விளிம்புப் பிரச்சினை. 50 தாண்டியவர்களுக்கு மூட்டும் நாணும் இரண்டுமே இருக்கலாம், ஒன்று கிடைத்ததும் மற்றதைத் தேடாமல் விடாதீர்கள்.

அடுத்தது ஃபேபர்: நோகும் காலின் கணுக்காலை மற்ற முழங்காலின் மேல் வைத்து, முழங்காலை வெளியே சாயவிடுவது. நம் சம்மணத்தின் பாதி. "நோகுதா?" என்று மட்டும் கேட்டால் பயனில்லை, "எங்க நோகுது?" என்று கேளுங்கள். முன்னால் என்றால் மூட்டு, பக்கத்தில் என்றால் குளூட்டியல், பின்னால் திருவெலும்புக்குப் பக்கத்தில் என்றால் திருவெலும்பு இடுப்பெலும்போடு சேரும் மூட்டு.

ஃபேபரை ஃபேடரோடு குழப்பாத மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஃபேடரில் தொடையை 90 பாகைக்கு மடக்கி, மற்றப் பக்கமாக உள்ளே கொண்டுபோய், வெளிச்சுழற்சி முடிவுவரை. காலுக்கு மேல் கால் போட்டு உட்காரும் அதே நிலைதான், படுத்துக்கொண்டு. நாண் பக்க முண்டோடு நசுங்குகிறது. அந்த முடிவில் நிறுத்தி, "என் கைக்கு எதிரா பாதத்தை வெளிப்பக்கம் தள்ளுங்கோ" என்று சொல்லி உட்சுழற்சியைத் தடுங்கள். நசுக்கலோடு இழுவையும் சேர்கிறது. பாதம் வெளியே போகும்போது தொடை உள்ளே சுழல்கிறது என்பதை உங்கள் உடம்பிலேயே ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். பாதத்தை எந்தப் பக்கம் தள்ளச் சொல்வது என்பதில் மாற்றிச் சொல்லித்தான் பெரும்பாலோர் கெடுக்கிறார்கள்.

அடக்டருக்கு, முழங்கால்கள் இரண்டும் 45 பாகை மடங்கியிருக்க நடுவில் உங்கள் கைமுட்டியை வைத்து நசுக்கச் சொல்லுங்கள். பிறகு கால்களை நீட்டி, கணுக்கால்களுக்கு நடுவில் முழங்கையை வைத்து மறுபடி. நெம்பு நீளமாவதால் இரண்டாவதில் சுமை அதிகம், லேசான காயமும் அங்கே அகப்படும். தொடையிடுக்கு வலியில் அடக்டர், இலியோசோவாஸ், குடலிறக்கப் பாதை, பூப்பெலும்பு என்ற நான்கு பிரிவை 2014இல் தோஹாவில் கூடிய நிபுணர்கள் வரையறுத்தார்கள். அடக்டர் என்று சொல்ல அவர்கள் கேட்பது இரண்டு: நாணை அழுத்தினால் நோக வேண்டும், தடுத்து நசுக்கினாலும் நோக வேண்டும். ஒன்று மட்டும் போதாது. இருமினால், தும்மினால் நோவு கூடுகிறவரைச் சத்திரசிகிச்சை வைத்தியரிடம் காட்டுங்கள்.

'டக்' என்று சத்தம் வருகிறது என்பவருக்கு, தவளைக்கால்போல மடக்கி விரித்த நிலையிலிருந்து காலை மெதுவாக நேராக்குங்கள். தொடையிடுக்கில் சத்தம் கேட்டு, அங்கே உள்ளங்கையை அழுத்திப் பிடித்ததும் நின்றால் இலியோசோவாஸ். பக்க முண்டின் மேல் பட்டை துள்ளுவது கண்ணுக்கே தெரிந்தால் வெளிப்பட்டை. நோவு இல்லாத சத்தத்துக்கு வைத்தியம் தேவையில்லை.

8. சரித்துப் படுக்கவைத்து

நோகும் பக்கம் மேலே. கீழ்க்கால் மடங்கியிருக்கட்டும். அவர் கட்டிலின் பின்விளிம்புக்கு நெருங்கிப் படுக்க வேண்டும், இல்லையென்றால் மேற்காலைக் கீழே இறக்க இடம் இருக்காது.

பின்னால் நின்று, ஒரு கையால் இடுப்பெலும்பை மேலிருந்து பிடியுங்கள். மற்றக் கையால் காலை உடம்புக்கு நேர்கோட்டில் நீட்டி, கட்டில் விளிம்புக்குப் பின்னால் கீழே இறங்க விடுங்கள். பக்கத்தில் நோவா? அந்த முடிவிலேயே, "மேல தூக்குங்கோ" என்று சொல்லித் தடுங்கள். இடுப்பெலும்பைப் பிடிக்கும் கைதான் இங்கே உயிர். அது உருண்டு பின்னால் சாய்ந்தால் கால் இறங்கியதுபோலத் தோன்றும், நாணில் ஒன்றும் நடந்திருக்காது.

அறுந்த நாணைச் சந்தேகித்தால் இன்னொன்று. காலை 10 பாகை பின்னால், 20 பாகை மேலே, முழங்காலை 45 பாகை மடக்கி, தொடையை முழுதாக உட்சுழற்றி நீங்களே பிடித்து வைத்து, "இப்படியே வச்சிருங்கோ" என்று சொல்லிக் கையை எடுங்கள். பாதம் 10 சென்ரிமீற்றருக்கு மேல் தொப்பென்று விழுந்தால் நாண் கிழிந்திருக்க நல்ல வாய்ப்பு. எச்சரிக்கையாக, உங்கள் கையை அடியில் ஏந்தி வையுங்கள்.

வருஷக்கணக்காக நோவு இருந்து, இப்போது நோவு குறைந்து, ஆனால் நொண்டல் கூடிய 65 வயது அம்மாவை "நல்லா வருது" என்று சொல்லி அனுப்பாதீர்கள். இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

9. பிட்டத்தின் அடி

ஹாம்ஸ்ட்ரிங்கைச் சுமை குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போங்கள். மல்லாக்க, தொடையை வயிற்றோடு மடக்கி, முழங்காலை மெதுவாக நீட்டுங்கள். உட்காரும் எலும்பில் நோகாவிட்டால் அதையே சற்று வேகமாக. அப்போதும் இல்லையென்றால் குதிக்காலை ஸ்டூலில் வைத்து, ஒற்றைக்காலில் இடுப்பைத் தூக்கட்டும். ஓட்டக்காரருக்குக் கடைசிச் சோதனையில்தான் பெரும்பாலும் பிடிபடும். தொடைநடுவில் இழுத்தால் அது தசை, நாண் அல்ல. காலுக்கு மின்னல் ஓடினால் ஆறாம் படிக்குத் திரும்புங்கள்.

மழைநாளில் ஈரமான டைல் தரையில் ஒரு கால் முன்னால் வழுக்கி, பிளந்து விழுந்தவர் வந்தால் இந்த இழுவைகள் ஒன்றையும் செய்யாதீர்கள். குப்புறப் படுக்கவைத்து, பின்தொடையில் நீலம் பாய்ந்திருக்கிறதா பாருங்கள். விழுந்த அன்று தெரியாமல், சில நாள் கழித்து முழங்கால்மடிப்புவரை இறங்கியிருக்கும். முழங்காலை மெதுவாக மடக்கச் சொல்லி, உட்காரும் எலும்புக்குக் கீழே நாண் இறுகுகிறதா, பள்ளம் தட்டுப்படுகிறதா என்று விரலால் தேடுங்கள். பாதத்தை மேலே தூக்கும் பலத்தையும் பாருங்கள், பக்கத்தில்தான் பெரிய நரம்பு ஓடுகிறது. பள்ளம் இருந்தால் அன்றே எலும்பியல் வைத்தியருக்குக் கடிதம். தைக்க வேண்டியது என்றால் முதல் சில வாரங்களில் தைப்பது எளிது, பிந்தினால் நாண் சுருங்கி மேலே இழுக்க வராது.

10. இப்போது அழுத்துங்கள்

கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவு, இரு பக்கமும் ஒரே அளவு, நல்ல பக்கம் முதலில். பக்க முண்டின் முன்முகத்தில் மினிமஸ் ஒட்டுகிறது, வெளிமுகத்திலும் பின்மேல் மூலையிலும் மீடியஸ். விரலை முன்னிருந்து பின்னாகப் படிப்படியாக நகர்த்துங்கள். பேனாப் புள்ளியோடு ஒத்துப்போகிறதா?

இது ஒற்றைக்கால் நிலைக்கு நேர் எதிர். அழுத்தி நோகவில்லை என்றால் குளூட்டியல் நாண் இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம். நோகிறது என்பது மட்டும் ஒன்றையும் நிரூபிக்காது. 'பேர்சைட்டிஸ்' என்ற சொல்லையும் இங்கே கைவிடலாம். நாண் நன்றாக இருக்க நீர்ப்பை மட்டும் வீங்குவது அபூர்வம்.

11. எழுதுவது

சோதனைப் பெயருக்குப் பக்கத்தில் கூட்டல் குறி போட்டு முடிப்பவர்களின் குறிப்பை அடுத்தவர் பயன்படுத்த முடியாது. எங்கே நோவு, அது அவருடைய பழகிய நோவா, 10க்கு எத்தனை: மூன்றும் வேண்டும்.

ஸ்கேனை இதற்குப் பிறகு நினையுங்கள். வலியே இல்லாத பலரின் எம்.ஆர்.ஐ.யிலும் நாண் மாற்றம் தெரியும். கையால் பார்த்ததோடு ஒத்துப்போனால்தான் அந்தப் படத்துக்குப் பொருள். நான்காம் படியில் சொன்னவர்கள், பாதம் தொப்பென்று விழுந்தவர், பள்ளம் தட்டுப்பட்டவர்: இவர்களுக்கு உடனே. மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பொறுத்துப் பார்க்கலாம்.

நான் எழுதும் குறிப்பு ஒன்று இப்படி இருக்கும்:

"பெண், 54. வலது பக்க முண்டு, ஒரு விரலால் காட்டினார். மாடிப்படி, சரிந்து படுத்தல், கால்மேல் கால். நகம் வெட்டக் கஷ்டமில்லை. முதுகு, நரம்பு சரி. உட்சுழற்சி இரு பக்கமும் 30. ஒற்றைக்கால்: வலது 12ஆவது விநாடியில் பழகிய நோவு, 10க்கு 5, இடது 30 விநாடி நோவில்லை. ஃபேடர் தடுப்போடு பக்கத்தில் 10க்கு 6. பாதம் விழவில்லை. அழுத்தம்: வெளிமுகம், புள்ளியோடு ஒத்தது. ஸ்கேன் இப்போது வேண்டாம். 6 வாரத்தில் ஒற்றைக்கால் நேரம் திரும்பப் பார்க்க."